வண்டியில் ஏறாமல் ஸ்ரீரங்கம்

பர்மிங்ஹாமில் என் மகன் ஜெரோம் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் இருக்கிறது. ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன், அது நிற்கிறது. அந்தக் காலத்தில் குதிரை கட்டிப் படகு இழுப்பதற்காகக் கரையில் போட்ட பாதையை இப்போது நடக்கிறவர்களுக்காகச் சீராக வைத்திருக்கிறார்கள். போன வருஷம் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது தினமும் காலையில் அதில் நடந்தேன். வாத்து, வர்ணம் அடித்த படகு, உட்கார பெஞ்சு. குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரே வருகிறவர்கள் "மார்னிங்" என்பார்கள், நானும் "மார்னிங்" என்பேன், அதோடு சரி. அத்தனை மாதத்தில் ஒருத்தர்கூட "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்கவில்லை.

நான் எழுத வந்தது எங்கள் வாய்க்காலைப் பற்றி. திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையிலேயே என் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், பெயர் ஆக்னஸ். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. எழுந்திருக்க முடியாமல் ஈரத் தரையில் கிடந்தேன். பக்கத்து வீட்டு சுல்தான் பாய் கதவை உடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. கால் சரியானதும் ஜெரோம் வந்து என்னை பர்மிங்ஹாமுக்கு அழைத்துப் போனான். நானும் போனேன், இருந்தேன், திரும்பி வந்துவிட்டேன். இப்போது அவனும் லீவு போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறான், வீட்டை விற்பதற்கு.

வாங்குவதற்கு ஒருவர் தயாராக இருக்கிறார். இரண்டு தடவை வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சுவரைத் தட்டும்போது நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் ஜெரோமோடுதான்.

"அங்க வாய்க்கால் கரைல ஜம்முனு நடக்கலாம்மா. இங்க எங்க நடப்ப? இந்தச் சாக்கடை ஓரமாவா?" என்றான் ஜெரோம் ஒருநாள் சாப்பிடும்போது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வாய்க்கால் நாறும். நாறுகிறது என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, அதில் நீச்சல் பழகிவிட்டு இங்கிலாந்துக்குப் போனவனுக்கு இல்லை. "இங்கேருந்து கரையோடவே போய், பாலத்தத் தாண்டி, ஸ்ரீரங்கம் வரைக்கும் நடப்பேன்டா" என்றேன்.

"வண்டியே ஏறாம?"

"ஏறாம."

அவன் சிரித்தான். "நீ வண்டி ஏறாம வைதேகி ஆன்ட்டி வீடு வரைக்கும் போய்ச் சேந்துட்டா, வீட்டப் பத்தி நான் பேச்சே எடுக்கல. முடியலன்னா என்கூட வந்துரணும். சரியா?" வைதேகி என்னோடு வேலை பார்த்தவள், ஸ்ரீரங்கத்துக்காரி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. விளையாட்டாகத்தான் சொன்னான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

அவனுடைய பயம் பொய் இல்லை. அம்மா தரையில் கிடக்கிறாள் என்று கடல் தாண்டி ஒரு போன் வந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் தூக்கம் வரும்? அதற்காக என் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதல் முயற்சி வெள்ளிக்கிழமை. பர்மிங்ஹாமில் வாங்கிய ஷூ, வெயிலுக்குக் குடை, தண்ணீர் பாட்டில். கரையில் இறங்கிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், பின்னால் சுல்தான் பாயின் மொபெட் சத்தம் கேட்டது.

"டீச்சர், எங்க?"

"சும்மா நடக்கறேன் பாய்."

"ஒடிஞ்ச கால் அது. சும்மா நடக்கறதாவது? ஏறுங்க."

"வேண்டாம் பாய், நடந்தே போகணும்."

அவர் வண்டியை அணைத்தார். இறங்கினார். என் வேகத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டே பக்கத்தில் வர ஆரம்பித்தார். "நீங்க போங்க பாய்" என்றால், "நான் பாத்துட்டேன்ல, பாத்துட்டு எப்படிப் போறது? அல்லா கேக்க மாட்டானா?" என்றார். அவருக்கும் எழுபதை நெருங்கும் வயது, மூச்சு வாங்குகிறது, வண்டியோ பழைய இரும்பு. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இவர் மயங்கி விழுந்தால் நான்தான் தூக்க வேண்டும் என்று தோன்றியதும் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். புத்தூரில் டீயும் வெங்காய பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து, திரும்ப வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

ஜெரோம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "முடிஞ்சுதா?" என்றான்.

"இன்னிக்கு ஒத்திகை. நாளைக்குத்தான் நடை" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. சுல்தான் பாய் கடைக்குப் போகும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் தலை மறைந்த பிறகு கிளம்பினேன். முந்தின நாள் கட்டிய நீலப் புடவை பஜ்ஜி எண்ணெய் பட்டு ஊறிக்கொண்டிருந்தது. கைக்குக் கிடைத்த மஞ்சள் காட்டன் புடவையைச் சுற்றிக்கொண்டேன். அது மாசி மாதம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எங்களுக்கு அது தவக்காலம், கறி மீன் கிடையாது, சிலுவைப் பாதை உண்டு, என் ஞாபகம் அதோடு நின்றுவிட்டது. மாசியில் மஞ்சள் கட்டிக்கொண்டு திருச்சியில் ஒரு பெண் நடந்தால் அவள் சமயபுரம் மாரியம்மனுக்குப் பூக்கொண்டு பாதயாத்திரை போகிறாள் என்று இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷம் இங்கே குடியிருந்துவிட்டு எனக்குத் தோன்றாமல் போனது.

கரை நடை நன்றாகவே இருந்தது. ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும் இடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மற்ற இடங்களில் தண்ணீர் வேகமாக, வேலை இருக்கிறவர்களைப் போலப் போய்க்கொண்டிருந்தது. ஒரு படித்துறையில் எருமை குளித்தது, அடுத்ததில் கார் குளித்தது. பர்மிங்ஹாமில் நாயின் கழிவைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். இங்கே நான் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

ஊருக்குள் வந்ததும் கரையில் ஓரிடத்தில் நடைப்பயிற்சிக்கென்று கல் பதித்த பாதை வருகிறது. அதற்கு ஒரு கேட். கேட்டுக்கு ஒரு பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வாட்ச்மேன்.

"வாக்கிங் டைம் முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

"நடக்கறதுக்குத்தானே பாதை?"

"நடக்கறதுக்குத்தாம்மா. இப்ப நடக்கக் கூடாது."

"நான் வாக்கிங் வரலைங்க. அந்தப் பக்கம் போகணும்."

"போறவங்க ரோட்டு வழியா போவாங்க. இது வாக்கிங் போறவங்களுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. கணக்கு டீச்சர் குரலில், நடப்பதற்கும் போவதற்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கச் சொன்னேன். அவர் விளக்குவதற்காக எழுந்தார். அப்போதுதான் என் புடவையை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"சமயபுரமா? மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்று சாவியை எடுத்தார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேட்டும் திறந்தது. நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். "எங்க வீட்டுக்கும் சேத்து வேண்டிக்கங்கம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தவக்காலத்தில் இப்படி ஒரு பொய், அதுவும் வாயைத் திறக்காமலே. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் எந்தக் கணக்கில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அந்தப் பாதை முழுவதும் தனியாக நடந்தேன். அந்தப் பாவத்துக்கு நிழல் நன்றாக இருந்தது.

வாய்க்காலை விட்டு ரோட்டுக்கு ஏறியதும் நிலைமை கைமீறிவிட்டது. தெருவுக்கு ஒரு பந்தல். ஒருவர் நீர்மோரை நீட்டினார், கறிவேப்பிலையும் இஞ்சியும் நசுக்கிப் போட்டு, தொண்டைக்கு இதமாக இருந்தது. அடுத்த பந்தலில் பானகம். அதற்கடுத்ததில் தயிர்சாதம், மேலே எலுமிச்சை ஊறுகாய். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறார்கள். "நான் சமயபுரம் போகலைங்க" என்று ஒரு பந்தலில் சொல்லியே பார்த்தேன். "வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்காங்க போல" என்று ஓர் அம்மாள் இன்னொருத்தியிடம் சொல்லி, எனக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

இது வரைக்கும் லாபம்தான். நஷ்டம் சிந்தாமணிக்குப் பக்கத்தில் வந்தது. அங்கே ஒரு வீட்டார் வாசலில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு, வெயிலில் வெறுங்காலோடு வருகிறவர்களின் பாதத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஷூவைக் காட்டித் தடுப்பதற்குள் வேப்பிலையோடு ஒரு குடம் என் காலில் இறங்கிவிட்டது. ஊற்றிய பெண் குனிந்து, ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளிடம் போய் என்னவென்று கோபப்படுவது?

ஈர ஷூ ஒரு தொல்லை. ஒவ்வோர் அடிக்கும் தவளை கத்துகிற சத்தம். உள்ளே கால் வழுக்குகிறது. காவிரிப் பாலத்தில் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. கீழே ஆற்றில் பாதிக்கு மேல் மணல், ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். பாலத்தின் நடுவில் ஒரு பஸ் என்னை உரசுகிற மாதிரி போக, நான் ஒதுங்க, ஷூவுக்குள் கால் திரும்பியது. பழைய கணுக்கால். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். வலியைவிட பயம்தான் அதிகம். குளியலறைத் தரை ஞாபகம் வந்துவிட்டது. ஜெரோம் சொன்னதுதான் சரியோ என்று அன்றைக்கு முதல் தடவையாக நினைத்தேன்.

ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தினார். பைக்கில் போன தம்பதி நிறுத்தினார்கள். கார் ஒன்று நின்று, "ஏறுங்கம்மா, ஆஸ்பத்திரில விட்டுடறோம்" என்றார்கள். எல்லாரிடமும் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

அப்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. எல்லாரும் மஞ்சள் புடவை, வெறுங்கால், தலையில் பூக்கூடை. காந்தி மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிற பெண்கள். முன்னால் வந்தவள் கூடையைப் பக்கத்தில் இருந்தவளிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். "நகருங்க, காத்து வரட்டும்" என்று நின்றவர்களை விலக்கினாள். என்னைப் பார்த்து, "வண்டில ஏறக் கூடாதுன்னு இருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. தலையை ஆட்டினேன்.

"அப்ப ஏற வேணாம்" என்றாள். அவ்வளவுதான். அவள் பெயர் செல்வி, மார்க்கெட்டில் வாழை இலைக் கடை வைத்திருக்கிறாள். என் ஷூவைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருந்த துண்டைக் கிழித்துக் கணுக்காலில் இறுக்கிக் கட்டினாள். எனக்கு மனது உறுத்தியது. இவளிடமும் பொய்யா?

"நான் சமயபுரம் வரலம்மா. ஸ்ரீரங்கம் வரைக்கும்தான். அதுவும் கோயிலுக்கு இல்ல. நான் வேதக்காரி. இந்தப் புடவை தெரியாம கட்டிட்டு வந்துட்டேன்."

செல்வி சிரித்துவிட்டாள். "நாங்க வேளாங்கண்ணிக்கே நடந்திருக்கோம், போங்கக்கா. எதுக்காக நடக்கறீங்க?"

சொன்னேன். வீடு, மகன், பந்தயம் எல்லாம். நடைபாதையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத பெண்களிடம், வைதேகியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். செல்வி ஒருபக்கம், இன்னொருத்தி மறுபக்கம் தோளைக் கொடுக்க, எழுந்து நின்றேன். பாலம் வெறுங்காலைச் சுட்டது. வெயில் தாங்காமல் எல்லாருமே ஓட்டமும் நடையுமாகப் போக, நானும் நொண்டிக்கொண்டே போனேன்.

பின்னாலிருந்து விடாமல் ஹார்ன். திரும்பினால் வாடகைக் காரில் ஜெரோம். என் போன் இருக்கிற இடம் அவன் போனில் தெரியும்படி வைத்திருக்கிறான், நான் பாலத்தில் ஒரே இடத்தில் இருப்பதை அதில் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். முகம் வெளுத்திருந்தது.

"மா! ஏறும்மா மொதல்ல!"

நான் பதில் சொல்லும் முன் செல்வி காருக்கும் எனக்கும் நடுவில் வந்துவிட்டாள். "தம்பி, நடந்து போறவங்கள வண்டில ஏறச் சொல்றியே, ஆகுமா?"

"அவங்க எங்கம்மா!"

"இருக்கட்டும். நடைய பாதில முறிக்கக் கூடாது. நீ வேணா வண்டிய நிறுத்திட்டு வந்து நட."

"அவங்களுக்குக் கால் சரியில்லைங்க. விழுந்துட்டா யார் பாக்கறது?" ஜெரோமின் குரல் உடைந்தது.

"விழுந்தாங்க. பாத்தோம்ல?" என்றாள் செல்வி.

அவனுக்குப் பின்னால் பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் நின்று கத்தின. ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டி, "பாலம் உங்கப்பன் வீட்டுதா?" என்றார். ஜெரோம் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். பாலம் முடிகிற இடத்தில், மாம்பழச் சாலைப் பக்கமிருந்து வேர்க்க விறுவிறுக்க எதிரே நடந்து வந்தான். செல்வியின் கையிலிருந்த என் ஈர ஷூவை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தான்.

அவர்கள் திருவானைக்காவல் பக்கம் திரும்ப வேண்டும், நாங்கள் அம்மா மண்டபம் ரோட்டில். பிரிகிற இடத்தில் வாழை இலையில் கட்டிய புளிசாதப் பொட்டலம் ஒன்றை செல்வி என் பையில் திணித்தாள். "கால் சரியானதும் மார்க்கெட் பக்கம் வாங்கக்கா, நல்ல தொட்டியத்து இலை தரேன்" என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனமில்லை. நேரமாகிறது என்று மற்றவர்கள் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

மீதித் தூரம் நானும் ஜெரோமும். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஊன்றும்போதெல்லாம் வலித்தது. வழியில் ஒரு பந்தலில் அவனுக்கும் மோர் கொடுத்தார்கள். இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் குணம் திரும்பிவிட்டது. "அவங்க தோள் குடுத்துத் தூக்கிட்டு வந்தாங்க. இது கணக்குல சேராதும்மா" என்றான்.

"வண்டி ஏறினேனா?"

"ஏறல. ஆனா தனியா வரலயே."

"தனியா வரேன்னு நான் எப்படா சொன்னேன்?"

"சரி, இன்னிக்கு வந்துட்ட. நாளைக்கு?"

நின்றேன். நடுரோடு என்றும் பார்க்கவில்லை. "நாளைக்கு விழுவேன்டா. நாளன்னிக்கும் விழலாம். உன் ஊர்ல விழ மாட்டேனா? அங்க விழுந்தா 'ஸாரி' சொல்லிட்டுத் தள்ளிப் போவான். இங்க விழுந்தா ரோடே நிக்கும். எங்க விழணும்னாவது என்னை முடிவு பண்ண விடு." கத்திவிட்டேன். அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நியாயம் பார்த்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

வைதேகி வாசலிலேயே நின்றிருந்தாள். மஞ்சள் புடவையையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு, "என்னடி இது கோலம்? மதம் மாறிட்டியா?" என்றாள். அப்புறம் கணுக்காலைப் பார்த்ததும், "ரங்கா! உள்ள வா, உக்காரு. பெருமாளுக்கு அமுது பண்ணியாச்சு, தளிகை சூடா இருக்கு" என்று இழுத்துக்கொண்டு போனாள். இலையில் கறியமுது என்று அவர்கள் சொல்கிற காய்ப் பொரியல், பருப்பு, பக்கத்தில் மிளகு தூக்கலான சாத்தமுது. அதற்கு எங்கள் வீட்டில் ரசம் என்று பெயர், ருசி வேறு. காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஜெரோம் தலை குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

பாதிச் சாப்பாட்டில் அவன் போன் அடித்தது. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வீடு வாங்குகிறவர். போனை எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அப்புறமா பேசி, யோசிச்சு சொல்றோம்னு சொல்லிடறேன்மா" என்றான் மெதுவாக.

நான் இடது கையை நீட்டி அதை வாங்கிக் காதில் வைத்தேன்.

"சார், எப்ப வந்து அட்வான்ஸ் குடுக்கட்டும்?" என்றது குரல். "வீட்டை எப்ப காலி பண்ணித் தருவீங்க?"

"காலி இல்லைங்க. அந்த வீட்டுல ஆள் இருக்கு" என்றேன்.

"நீங்க யாரு பேசறது?"

"அந்த ஆளுதான்."